கடித்துக்கொண்டிரு

காலை பதினோரு மணிக்குப் பிடுங்கியது,
கீழ்வரிசை, இடப்பக்கக் கடைவாய்.
இரவு இரண்டாகியும்
குழி வாய் மூடவில்லை.

ஆயர் ஈத்தாம், பதினான்காவது மாடி.
மடியில் பிளாஸ்டிக் கிண்ணம்.
துப்பக் கூடாது என்றிருக்கிறார் டாக்டர் கூ.
துப்பாமல் எங்கே கொண்டு போய் வைப்பது
இவ்வளவு சிவப்பை?

என் நெஞ்சில் விரித்த காகிதத் துண்டிலேயே
அவர் வரைந்து காட்டினார்:
கழுத்தில் ஏறி வருகிறது பெரிய குழாய்.
காதுக்கு முன்னே, தாடைக்குப் பின்னே,
"இங்கே சிம்பாங்" என்றார், பேனாவைக் குத்தி.
ஒரு கிளை மேலே, மூளையைச் சுற்றிய தோலுக்கு.
சில, மெல்லுகிற தசைக்கு.
ஒன்று மட்டும் கீழே இறங்கி
தாடையெலும்பின் உட்புறத்தில் ஒரு சின்ன வாசல் கண்டு
நுழைந்து
எலும்புக்குள்ளேயே இருட்டில் நடக்கிறது,
ஒவ்வொரு பல்லின் வேர்நுனியிலும்
ஒரு சொட்டு வைத்தபடி.
மோவாய் அருகே ஒரு துளை வழியே வெளிச்சத்துக்கு வந்து
உதட்டுக்குப் போகிறது.

நாற்பத்தொன்பது வருஷமாக நடந்திருக்கிறது இது.
நான் ப்ராய் கிடங்கில்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"பல்லை எடுத்துவிட்டேன்," என்றார்,
"அதற்கு வந்துகொண்டிருந்தவனுக்குத் தகவல் போக
நேரமாகும்."
வீட்டை இடித்தாயிற்று,
தண்ணீர் வாரியம் இன்னும் பைப்பை மூடவில்லை.

எனக்கு நெஞ்சில் ஒரு கதவு உலோகம்.
டிக். டிக்.
தனலெட்சுமி முதல் மாதம் அந்தச் சத்தத்தில் தூங்கவில்லை.
பிறகு அது கேட்காமல் தூங்கவில்லை.
அந்தக் கதவில் ரத்தம் உறையக் கூடாது.
அதற்குத்தான் நீல மாத்திரை ஒன்று, பழுப்பு ஒன்று,
மாதாமாதம் எண் எழுதும் மஞ்சள் புத்தகம்.

ஆக, ஒரே ரத்தத்துக்கு இரண்டு உத்தரவு:
அங்கே நிற்காதே.
இங்கே நில்.
கிடங்கிலும் இப்படிச் சொல்லும் மேலாளர்கள் உண்டு,
எழுத்தில் தருவதில்லை.

தேயிலைப் பொட்டலத்தைக் குளிர்நீரில் நனைத்து
மடித்து உள்ளே திணித்தாள்.
"இருபது நிமிஷம். கடி. பேசாதே."
நாங்கள் மணமான இத்தனை வருஷத்தில்
அவளுக்கு வாய்த்த நீண்ட முறை.
கிளினிக் பில், மின்தூக்கி பழுது, என் தம்பியின் கடன்,
எல்லாம் பேசி முடித்தாள்.
மூன்று பத்துக்கு டார்ச்சடித்துப் பார்த்து
மௌனமானாள்.

பழுப்பு. சிவப்பில்லை.
கருத்த ஜெல்லி போல ஏதோ
குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது,
பயந்த விருந்தாளி மாதிரி விளிம்பில்.

அப்போதுதான் மேசையில் பார்த்தேன்:
எட்டு மணிக்குத் தரவேண்டிய நீலமும் பழுப்பும்
மூடியிலேயே.
மறதி இல்லை. அவள் கண் அங்கே போகாமல் சுற்றியது.
நிறுத்தாதே, ஒரு நாளும் நிறுத்தாதே
என்று டாக்டர் கூ அவளிடமும்தான் சொன்னார்.

வாய் திறக்க முடியாது.
கையை நீட்டினேன்.

தாடையோரம் விரல் வைத்தால் துடிப்பு தெரிகிறது.
நெஞ்சில் டிக்.
ஒரு கண்ணிமைப்பு கழித்து இங்கே.
அவள் இன்னும்
மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.