நிமிடத்துக்குப் பன்னிரண்டு

எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்
அழைத்துச் செல்கிறோம்
என்றிருந்தது படிவத்தில்.
டில்லிபாபுவின் பேனா எழுதவில்லை.
என்னுடையதைக் கொடுத்தேன்.

கீழ்ப்பாக்கத்திலிருந்து வியாசர்பாடி
இந்த நேரத்தில் இருபது நிமிடம்.
மெஷினிலிருந்து கழற்றிய துலுக்காணம்
இப்போது என் கையில்.
பையை அழுத்தினால் மார்பு எழும்,
விட்டால் இறங்கும்.
நிமிடத்துக்குப் பன்னிரண்டு.
துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மார்பு.
அழுத்தும்போதுதான் அதன் அகலம் தெரிகிறது.

வீட்டில் உயிர் போகட்டும்
என்பதில் எல்லாருக்கும் சம்மதம்.
வீட்டில் யார், எப்போது என்பதை
டாக்டரும் சொல்லவில்லை.
"முடிச்சுட்டு சீக்கிரம் வந்துடுப்பா" என்றார் சிஸ்டர்.
முடிச்சுட்டு.

கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர்.
டிரைவர் சுற்றிக்கொண்டு போனார்.
வண்டி குலுங்கும்போதெல்லாம்
சகுந்தலாம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டார்,
விழுந்துவிடுவார் என்பதுபோல.
"தம்பி, வலிக்குமா?"
இல்லம்மா என்றேன்.
எனக்குத் தெரியாது.

சந்துக்குள் ஸ்ட்ரெச்சர் திரும்பாது.
நாலு பேர் போர்வையில் ஏந்த
பக்கவாட்டில் நடந்தேன், அழுத்தியபடி,
ஒரு செருப்பை எங்கோ விட்டுவிட்டு.
வாசலில் ஷாமியானாவுக்கு அளவெடுத்தவர்
எங்களைப் பார்த்ததும் டேப்பைச் சுருட்டினார்.

பெரிய பொண்ணு வரட்டும் என்றார்கள்.
கஸ்தூரியின் கும்மிடிப்பூண்டி ரயில்
கொருக்குப்பேட்டை சிக்னலில் நிற்கிறது.
டம்ளரில் பால், ஸ்பூன்.
வாயில டியூப் இருக்கே, எப்படி ஊத்துறது
என்று யாரோ கேட்டார்கள்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நாற்பது நிமிடம்.
வலது கை, இடது கை, மறுபடி வலது.
சகுந்தலாம்மாவிடம் மெல்லச் சொன்னேன்,
மூச்சு விடுறது அவர் இல்லம்மா.
"தெரியும் தம்பி.
இது உன் மூச்சு.
அவரு குறட்டை விடுவாரு."

டில்லிபாபு கேட்டான்:
"நீங்க கைய எடுத்தா
நீங்க நிறுத்துனதா, நாங்க நிறுத்துனதா?"
நோய் நிறுத்தினது என்று சொல்ல
எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள்.
சொன்னேன். உண்மைதான்.
அந்த அறையில் அதற்கு உட்கார இடமில்லை.

கஸ்தூரி வந்தாள்.
தோள்பையை இறக்கவில்லை, அழவில்லை.
அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்து
என் கையைப் பார்த்தாள்.
வீங்கியிருந்தது போல.
"போதும்ணே" என்றாள்.
மூன்று வாரமாக வார்டுக்கு வராதவள்
சொன்னாளே என்று
பின்னால் ஒரு பெரியம்மா முணுமுணுத்தார்.
சகுந்தலாம்மா மறுக்கவில்லை.
தலையும் ஆட்டவில்லை.

மேலும் மூன்று முறை அழுத்தினேன்.
எதற்கென்று இன்றும் சொல்லத் தெரியாது.

பிறகு மார்பு தானாக ஒரு தரம் எழுந்தது.
எல்லாரும் முன்னே சாய்ந்தோம்.
அப்புறம் எழவில்லை.

மணி குறித்தேன். டியூபை எடுத்தேன்.
பால் ஊற்ற வாய் இருந்தது.
என் விரல்கள் வெகுநேரம்
பையின் வடிவத்திலேயே வளைந்திருந்தன.

சந்துமுனைவரை ஓடிவந்தான் டில்லிபாபு,
ஒரு கையில் என் பேனா,
மறு கையில் என் செருப்பு.
கொடுத்த பிறகும் போகவில்லை.
ஏதோ சொல்வேன் என்று நின்றான்.

அம்மா பக்கத்துல போய் உக்காரு, என்றேன்.
டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.