இடப்பக்கம் இரண்டு விரல்

ஃபுஜைரா சனாயியா, எட்டாம் நம்பர் ஷெட்.
தொண்ணூற்றேழு மாடல் ஹினோ, கல் ஏற்றும் வண்டி.
எத்தனை கிலோமீட்டர் என்று அதற்கே தெரியாது,
மீட்டர் செத்து ஆறு வருஷம்.

கிராங்க் ஆயில் சீல்தான் என்றார்கள் ஷார்ஜாவில்.
கியர்பாக்ஸை இறக்கி மாற்றினார்கள்.
ஒழுகியது.
கிராங்க் ஆயில் சீல்தான் என்றேன் நானும்.
கியர்பாக்ஸை இறக்கி, ஜப்பான் சீல் அடித்து, ஏற்றி,
ஆயிரத்து எண்ணூறு திர்ஹத்துக்கு பில் போடவைத்து
கை கழுவினேன்.

மூன்றாம் நாள் ஷேர் ஜமான் வந்து நின்றான்.
கத்தவில்லை.
வண்டிக்கு அடியில் பார் என்று
தாடையால் காட்டினான்.
பெல் ஹவுசிங்கின் கீழ் விளிம்பில்
கறுப்பாய் ஒரு சொட்டு
விழவும் மனசில்லாமல்
தொங்கிக்கொண்டிருந்தது.

டீசல் அடித்துக் கழுவினோம்.
காற்றடித்து உலர்த்தி
மொஃபிசுலின் டிரங்குப் பெட்டியிலிருந்த முகப்பவுடரை
எஞ்சின் மேல் கொட்டித் தூவினோம்.
பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளை போல
வெளுத்து மணந்து நின்றது ஹினோ.
ஒரு மணி நேரம் ஓடவிட்டோம், நாற்பத்தாறு டிகிரியில்.
பவுடரில் விழுந்த முதல் ஈரத்தைக் கண்டு
டார்ச்சோடு பாய்ந்தேன்.
என் நெற்றியிலிருந்து விழுந்தது அது.

"மறுபடி இறக்கு" என்றார் குரியாக்கோஸ்,
போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஷேர் ஜமான் அப்போதுதான்
சீட்டுக்குப் பின்னாலிருந்து அட்டைகளை எடுத்தான்.
வாழைப்பழ அட்டை, பிஸ்கட் அட்டை, ஏசி வந்த அட்டை.
கிரஷர் கேட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும்
வண்டியைத் திருப்பி விடுவார்கள்,
அந்த நடை அவன் சம்பளத்தில் போகும்.
அதனால் ராத்திரி தோறும் ஒரு அட்டை.
தேதி போட்டு,
வண்டியின் முகம் எந்தப் பக்கம் என்று அம்பும் போட்டு.
போன தடவையே கொண்டுவந்தான்.
குப்பையை ஏன் சுமக்கிறாய் என்று சிரித்திருந்தேன்.
ஆயில் லைட் சில நேரம் மினுக்குது என்றும் சொல்லியிருந்தான்.
பழைய வண்டி, பல்பு லூஸ் என்றிருந்தேன்.

இருபத்திரண்டு அட்டை.
ஷெட் தரையில் பரப்பினேன்,
அம்புகள் ஒரே திசை பார்க்க.
சும்மா நின்ற நாளில் ஒன்று,
மசாஃபி ஏற்றம் ஏறிய நாளில் ஆறு ஏழு.
நடுமடிப்பில் ஒன்றுகூட இல்லை.
எல்லாமே இடப்பக்கம்
இரண்டு விரல் தள்ளி.

சீல் ஒழுகினால் நடுவில் விழும்.
இது எனக்குத் தெரியாததில்லை.

இடப்பக்கம் ஸ்டார்ட்டர் மோட்டார்.
அதன் மேல் தடவினேன், பவுடர்தான் ஒட்டியது.
அதற்கு வந்து முடியும் வயர்க்கட்டு,
நெளிநெளியான கறுப்பு உறை.
சும்மாதான் நசுக்கினேன்.
மாட்டு மடி மாதிரி
பீச்சியது.

வயரோடு விரலும் மேலே போனது,
ஃபில்டரைத் தாண்டி, பைப்புக்குப் பின்னால்,
ஆயில் பிரஷர் சுவிட்சு வரைக்கும்.
கனெக்டரைக் கழற்றினால்
கிண்ணம் நிறைய எண்ணெய்.
சுவிட்சின் வயிற்றுக்குள் விரிசல்.
அங்கே புகுந்து, வயருக்குள்ளேயே நடந்து,
ஒரு மீட்டர் தூரம்
பவுடரை ஒரு தடவைகூட மிதிக்காமல்
வந்திருக்கிறது.

எலுமிச்சை அளவு சாமான். இருபத்தைந்து திர்ஹம்.
மாட்டப் பத்து நிமிஷம்,
அதிலும் நாலு நிமிஷம் ஸ்பானர் தேடினேன்.

ஷேர் ஜமானிடம் சொன்னேன்.
நான் கழற்றிய சீல் நல்ல சீல்தான் என்று
எனக்குத் தெரிந்த இந்தியில்.
கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பார்த்தான்.
"ஷார்ஜாவில் கழற்றினார்களே, அது?"
அதுவும், என்றேன்.

சனிக்கிழமை காலை
பின்னால் இரண்டு டிரெய்லர் ஹாரன் அடிக்க அடிக்க
ஷெட் வாசலில் நிறுத்தி
ஜன்னல் வழியே ஒரு அட்டையை நீட்டிவிட்டுப் போனான்.
அம்பு இருந்தது. தேதி இருந்தது.
திருப்பி அந்தப் பக்கமும் பார்த்தேன்.