ஐஸ் போட்டாச்சு

நிலக்கரித் தூசி, டீசல், கொசுவர்த்தி,
கொடுங்கையூரில் குப்பை எரிகிற நாளென்றால் அதுவும்.
இந்தப் பக்கம் இருமாதவன் யார்?
என் வேலை
இருமலுக்குள் இருமலைத் தேடுவது.

ராத்திரி பத்துக்கு மேல் ஹவுசிங் போர்டு மாடிப்படியில்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவேன்.
பீடி இருமல் முதலில் திட்டும், அப்புறம்தான் இருமும்.
தூசி இருமல் தண்ணி குடித்தால் தூங்கிவிடும்.
மூணாவது ஒன்று இருக்கிறது:
தலையணைக்குள் வாயை வைத்து
பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருமுவது.
அது எனக்குத் தெரியும்.
ஒரு மழைக்காலம் முழுக்க அப்படித்தான் இருமினேன்.

பகலில் காசிமேட்டில் ஐஸ் கணக்கு எழுதுகிறேன்.
எந்தப் போட்டுக்கு எத்தனை பார், யார் பாக்கி.
நோட்டின் பின்பக்கத்தில் இன்னொரு கணக்கு:
ஸ்டான்லிக்குப் போனவர், போகிறேன் என்றவர்,
என்னைப் பார்த்தால் சந்து மாறுகிறவர்.

தேசப்பன் மூன்றாம் ரகம்.
தடைக்காலம் வந்து போட்டெல்லாம் கட்டிக் கிடந்தபோது
ஓட இடமில்லாமல் அகப்பட்டான்.
சளி டப்பாவை மீன்கூடைக்குள் ஒளித்து
கோட்டீஸ்வரிதான் கொண்டுவந்தாள்.
மாத்திரை போட்ட முதல் நாளே ஓடி வந்தான்:
"யக்கா, ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போவுது, செத்துருவனா?"
"மருந்தோட சாயம்டா. எனக்கும் அப்படித்தான் போச்சு."
அன்றைக்குத்தான் என்னை நேராகப் பார்த்தான்.
"உனக்குமா?"

அறுபத்தோரு நாள்.
முட்டைக்குக் காசில்லாத வாரம்
வலை தைக்கிற பெண்கள் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள்.
யாருக்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை.
சளி சுத்தம் என்று சீட்டு வந்தது.
இன்னும் நாலு மாசம் போடணும். கடலும் திறந்துவிட்டது.

ஸ்ராங்கு மிக்கேலிடம் பத்து நாள் அட்டையைக் கொடுத்தேன்.
பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் இன்னொரு கவர்.
"காலைல வெறும் வயித்துல. உன் கண்ணு முன்னாடி முழுங்கணும்."
"நான் மீன் புடிக்கப் போறனா, நர்ஸ் வேலைக்கா?"
என்றாலும் வாங்கி
திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்தான், நனையாத இடம் அது ஒன்றுதான்.

ஆழத்திலிருந்து பேச்சு நேராகக் கரைக்கு வராது.
நடுவில் மூன்று நாலு போட்டு வாங்கி வாங்கிக் கொடுக்கணும்.
பேர் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ராயபுரம் முழுக்கத் தெரியும்.
ஒரு வார்த்தை பேசிவைத்தோம்.

காலை ஏழு மணிக்குச் சங்கத்து வயர்லெஸ்ஸில் கேட்பேன்:
"ஐஸ் போட்டாச்சா?"
கொரகொரப்பு. யாரோ கேட்டு, யாரோ சொல்லி
கைமாறிக் கைமாறி வரும்:
"ஐஸ் போட்டாச்சு."
நடுக்கடலில் தினம் ஐஸ் போடுகிற போட்டு
உலகத்தில் இது ஒண்ணுதான் என்று கிளார்க் சிரிப்பான்.

ஐந்தாம் நாள் பதில் இல்லை.
ஏழரை. எட்டு.
டீ ஆடை கட்டிவிட்டது.
எட்டே காலுக்கு ஒரு குரல், மிக்கேல் இல்லை,
நடுவில் வாங்கிக் கொடுக்கிற போட்டுகளில் ஏதோ ஒன்று:
"யக்கா, அவங்க போட்டாச்சு. பேட்டரி எறங்கிடுச்சாம்."

சொன்னவன் விரலை எடுக்கவில்லை.
எஞ்சின் இரைச்சல், அதற்குப் பின்னால்
எதற்குள்ளோ வாயை வைத்து
ஒருத்தன் இருமுவது.

"எங்க போட்டுலயும் ஒருத்தனுக்கு
அந்த ஐஸ் வேணும்."

கிளார்க் சிரிக்கவில்லை.
நான் பேர் கேட்கவில்லை.
"என்னிக்குக் கரை?"
"வெள்ளி. விடியக்காலம்."

நோட்டைத் திருப்பினேன், பின்பக்கத்தில் இடமில்லை.
முன்பக்கத்தில், பார் கணக்குக்குக் கீழேயே எழுதினேன்:
வெள்ளி. ஒரு டப்பா.
மூடி இறுக்கமா இருக்கான்னு பார்க்க.