செய்வினை, செயப்பாட்டுவினை

வேடன் சிங்கத்தைக் கொன்றான்.
சிங்கம் வேடனால் கொல்லப்பட்டது.
களுவாஞ்சிகுடியில், ஆறாம் வகுப்பு தொடங்கி
ஐந்து வருடம்
அதே சிங்கத்தைக் கொன்றுகொண்டிருந்தோம்.
கதிராமத்தம்பி மாஸ்டருக்கு ஆங்கிலம் என்றால்
இடப்பக்கம் ஒரு வசனம், வலப்பக்கம் ஒரு வசனம்,
நடுவில் அடிமட்டம் வைத்துக் கீறிய சிவப்புக் கோடு.
கோட்டைத் தாண்டி யாரும் பேசியதில்லை.
அவரும்தான்.

பயிற்சிக் கலாசாலையில் கோடு போய் கசெட் வந்தது.
கேள், திருப்பிச் சொல். கேள், திருப்பிச் சொல்.
கரண்ட் இல்லாத வருடங்கள்.
பற்றரி இறங்க இறங்க
லண்டன் பெண்ணின் குரல் தடித்து
ஆணாகி, பிறகு மாடாகி இழுத்தது.
நாங்களும் இழுத்தோம்.
உச்சரிப்புக்கு எனக்கு எழுபத்தெட்டு.

பிறகு கல்லடியில் செமினார்கள்.
பிழை திருத்தாதீர்கள், பேச விடுங்கள் என்றார்கள்.
விமான நிலையம், உணவகம், தொலைந்த பெட்டி என்று
பிள்ளைகளை நடிக்க வைத்தோம்.
கடைசியாகப் போனதில்
ரோல்ஸும் பிளேன்ரீயும் முடிந்த கையோடு
கட்டளை முறை என்று ஒன்றைத் தந்தார்கள்:
மாணவர் வாய் திறக்க வேண்டாம்.
நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் உடம்பால் செய்யட்டும்.
மொழி கைகால் வழியாக உள்ளே போகும்.

ஏறாவூரில், போன் கடைக்கு மேலே என் மாலை வகுப்பு.
எழும்பு என்றேன். ஜன்னலைத் திற.
கோப்பையை எடு. மேசையில் வை.
கடைப் பையன்கள் சிரித்துச் சிரித்துத் தடுமாற
சித்தி நபீலா மட்டும்
வசனம் முடிய முன்னமே முடித்திருந்தா.
கோப்பையைத் துடைத்தும் வைத்தா.
அதை நான் சொல்லவில்லை.

"தம்மாமில எனக்கு இந்த முறைதான் மிஸ்.
ஜீபி, ஷீலி, நள்ளிஃபி.
ஒன்பது வருஷம். நல்லாத்தான் படிப்பிச்சாங்க."
கோப்பையின் பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினா.
"இதில நாங்க எப்ப சொல்லுற?"

கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன்.
பன்னிரண்டாம் வாரம் என்று இருந்தது.
அன்று மூன்றாவது.

வெண்கட்டியை அவ கையில் கொடுத்துவிட்டு
அவவின் கதிரையடியில் போய் நின்றேன்.
பையன்களும் நின்றார்கள்.
கீழே யாரோ ரிங்டோன்களை
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தார்கள்.

"சிற்" என்றா.

இருந்தோம்.
அடுத்த சொல்லுக்கு
அவ அவசரப்படவில்லை.