மூன்று பாகை

வியாழன் இரவு எனக்கு ஒதுக்கிய சலவை முறை.
நிலவறையில் மெஷின் என் உடுப்புகளைச் சுழற்ற,
பக்கத்து மேசையில் வாய் பிளந்து கிடக்கிறது
முப்பத்தெட்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள
வார்ப்பிரும்புச் சிலிண்டர்.

பூர்க்டோர்ஃபில் பகலெல்லாம் பல் செய்கிறவள் நான்,
முகம் தெரியாதவர்கள் மென்று சிரிக்க.
கடைவாய்ப் பல்லின் பள்ளங்களைக் குடையும்
அதே சிறு முனை
இப்போது புகைவாசலின் மேல்விளிம்பில்.
(தேய்ந்ததென்று லாபில் வீசிய முனைகள்தான்.
திருட்டில்லை.)

இந்த எஞ்சினுக்கு வால்வு கிடையாது.
பிஸ்டன்தான் சுவர், பிஸ்டன்தான் கதவு.
அது இறங்கும்போது முதலில் புகைவாசல் திறக்கும்,
கொஞ்சம் பொறுத்துப் பக்கவாசல்கள்.
அந்தக் கொஞ்சத்துக்குள்தான் எல்லாச் சண்டையும்:
எரிந்தது வெளியேற வேண்டும்,
எரியாதது உள்ளே தங்க வேண்டும்,
இரண்டுக்கும் காவல் ஒரே ஆள்.

காகிதத்தில் அச்சடித்த பாகை வட்டத்தை
ஃப்ளைவீலில் ஒட்டி, ஒரு கம்பியை முள்ளாக வளைத்து
மெல்லச் சுழற்றி எண்ணியிருந்தேன்.
புகைவாசல் திறந்திருப்பது நூற்று நாற்பத்திரண்டு பாகை.
ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் ஆறு கூடும்.
ஆறுதானே என்று தோன்றும்.

முதல் சிலிண்டரில் அப்படித்தான் தோன்றியது.
இன்னோர் ஆறு, இன்னோர் ஆறு என்று
ஐந்து மில்லிமீட்டர் போய்விட்டது.
ஹைமிஸ்வில் ஏற்றத்தில்
புதுக்கலவை எரியாமலே
சைலன்சர் வழியாக நடந்து போயிற்று.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை,
அதுவும் பெட்ரோல் நாற்றத்தோடு.
சைக்கிளில் இருவர் என்னை முந்தினார்கள்.
ஒருவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் வேறு சொன்னார்.

இறக்கத்தில் இன்னொன்று. விளிம்பை மழுக்க மறந்திருந்தேன்;
ரிங் வாசலில் எட்டிப் பார்த்தது,
மாட்டிக்கொண்டது, ஒடிந்தது.
பல்லென்றால் மெழுகு வைத்து மறுபடி வார்த்துவிடலாம்.
இரும்புக்கு மெழுகில்லை.
அந்தச் சிலிண்டர் இப்போது குளியலறையில்,
பல்துலக்கிகளைத் தாங்கியபடி.

இன்று இரண்டு மில்லிமீட்டர். அதோடு சரி.
நீல மை பூசி, ஊசியால் கோடு கீறி,
கோட்டைத் தொடுமுன்னே கையை எடுத்து
மீதியை உப்புத்தாளில் தேய்த்து,
நாக்குக்குத் தெரியாத பல்லைப் போல
விளிம்பை மழுக்கிக்கொண்டிருந்தபோது
கதவு தட்டப்பட்டது.

மூன்றாம் மாடி ஃபிராவ் வூட்ரிக்.
பத்து மணிக்குப் பிறகு மெஷின் ஓடக் கூடாதாம்.
எந்த மெஷின் என்றேன்.
அவள் மேசையைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியை இறக்கி
சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்தாள்.
"எவ்வளவு?"
"இரண்டு."
"நான் மூன்று எடுத்தேன், எழுபத்தெட்டில்.
போலீஸ் உருளையில் ஏற்றிப் பார்த்து
அறுபத்தேழு என்று எழுதினார்கள்."
அந்த எண்ணைச் சொல்லும்போது
முதுகு நிமிர்ந்ததைக் கவனித்தேன்.
"ஆனாலும் பத்து மணி பத்து மணிதான்,
ஃபிராவ் தில்லையம்பலம்."
சுவிட்சை அணைத்துவிட்டுப் போனாள்.
உடுப்புகள் விடியும்வரை தண்ணீரில் ஊறின.

ஞாயிறு. வெட்டிய புல்வெளியில் பந்தயம்.
காலுறை இன்னும் ஈரம்.
கொடி விழுந்ததும் எல்லோரும் முன்னே போக
நான் பெடலை மிதிக்கிறேன்.
கீழ்வேகத்தில் வண்டிக்கு உயிரில்லை. அதுதான் கொடுத்த விலை.
மிதிக்கிறேன். மிதிக்கிறேன்.
பிறகு
சைலன்சர் கூம்பில் மோதித் திரும்பும் அலை
தப்பி ஓடிய கலவையை வழிமறித்து
வாசல் மூடும் கணத்தில் உள்ளே தள்ள,
முனகல் அறுந்து ஒற்றைக் கீச்சாகி
கைப்பிடி என்னை இழுத்துக்கொண்டு போகிறது,
புல், வேலி, யாரோ ஒருவரின் நாய்,
எல்லாம் ஒரே பச்சைக் கோடாக.

இருபத்துமூன்று பேரில் பதினேழாவது.

வீட்டுக்கு வந்து பல்துலக்கும்போது
பழைய சிலிண்டரை விரலால் தடவிப் பார்த்தேன்.
அரை மில்லிமீட்டருக்கு மூன்று பாகை.
மூன்றுதானே.