கண்டும்

மலாயில் கோதுமைக்குப் பெயர் கண்டும்.
பொட்டலத்தின் முதுகில், எறும்பு எழுத்தில்
அதை வாசிக்கும்போதெல்லாம்
பாதியில் நின்றுபோன ஒரு தமிழ் வாக்கியம்
காதில் விழுகிறது.
கண்டும்?
கண்டும் காணாமல் போ என்கிறதா?
ஒருமுறை போயிருக்கிறேன்.
மூன்று நாள், வயிறு என்னைக் காணாமல் விடவில்லை.

பிப்ரவரியில் டாக்டர் ஊய் சொன்னார்:
குளூட்டன் ஆகாது. ஆயுசுக்கும்.
நான் கேட்டது ஆயுசைப் பற்றி அல்ல.
ரொட்டி சானாய்கூடவா டாக்டர்?
கணினியிலிருந்து கண்ணெடுக்காமல்
"முக்கியமா அதுதான்" என்றார்.

பாயான் லெப்பாஸில் எனக்கு இரவு வேலை.
சில்லுகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்து
மயிரிழை விரிசல் தேடி ஒதுக்க வேண்டும்.
இருபது வருஷத்துக் கண்
இப்போது பேரங்காடியில் உதவுகிறது.
மால்ட். செமோலினா.
'இதே இயந்திரத்தில் கோதுமையும் அரைபடுகிறது.'
திருட வந்தவளோ என்று ஒரு பையன்
இரண்டு வரிசை தள்ளி நின்று பார்க்கிறான்.

சோயா சாஸில் இருக்கிறது.
மீன் உருண்டையில் இருக்கலாம்.
பெருங்காயத்தைக்கூட மாவு கலந்துதான் கட்டுகிறார்களாம்.
கடலில் கரைத்த பெருங்காயம் என்பார்கள்,
சுவடில்லாமல் போனதை.
என் குடல் அந்தக் கடல் இல்லை.

முனைக் கடை சிராஜுதீனுக்கு எப்படி விளக்க?
வேலை முடிந்து பசியாற அங்கேதான் போவேன்.
"ஒரு ஓரம் பிச்சிக்குங்கக்கா, முறுகலா போடுறேன்."
வேண்டாம்.
"தோசை? அரிசிதானே?"
அரிசிதான். கல் ஒன்றுதானே தம்பி.
கல்லைப் பார்த்தான். தன் கைகளைப் பார்த்தான்.
முழங்கை வரை வெள்ளை.
அன்றிலிருந்து என் தேத்தண்ணீரைத் தொடுமுன்
கை கழுவுகிறான்.
நான் கேட்கவில்லை.

முதல் ரொட்டி ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்து வந்தது.
முப்பத்திரண்டு வெள்ளி.
துண்டுக்கு எவ்வளவு என்று குணாளன் வகுத்துப் பார்த்தார்.
வகுத்தபின் ஒரு துண்டும் அவர் எடுக்கவில்லை.
ருசி: மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி.
இரண்டாவதில் மரவள்ளி மாவும் சர்க்கரையும்.
முழுத்தானியம் படத்தில் மட்டும்;
அந்தப் படமும் கோதுமைக் கதிர்!
அடுத்து வாங்கிய சுருட்டு ரொட்டி
சுருட்டினால் அப்பளம்.

புலாவ் தீக்குஸில்
ஓட்டுக் கூரைக்குக் கீழே கியோக் லான்.
அவள் மகனுக்கும் என் வியாதி.
சனிக்கிழமை பன்னிரண்டு ரொட்டி சுடுவாள்,
பதின்மூன்றாவது ஆளுக்கு மன்னிப்பு.
பழுப்பரிசி, சோளம், பக்வீட்.
பயப்படாதே, என்றாள்,
பேரில்தான் கோதுமை, பிறப்பில் இல்லை.
வெட்டினால் உதிரவில்லை.
மென்றால் பல்லுக்கு வேலை இருந்தது,
கருகின மேல்தோலில் ஒரு கொட்டை வாசம்.
கடைக்குள்ளேயே நின்று அரை ரொட்டி தின்றேன்.
எதை வைத்து ஒட்டுகிறாய்?
டப்பாவைக் காட்டினாள்: இசப்கோல்.
என் மாமியார் மலச்சிக்கலுக்கு
ராத்திரி கரைத்துக் குடிப்பது.
இருவரும் சிரித்ததில் ஒரு வாடிக்கைக்காரர் திரும்பிப் போனார்.

லெபோ பாசாரில் கம்பு வாங்கினேன், ஒரு கிலோ.
தாம்பாளத்தில் பரப்பி, மேசை விளக்கின் கீழே
சில்லு பார்க்கும் கண்ணால் பார்த்தேன்.
நாலு மணி கோதுமை.
ஜன்னலில் வைத்தேன்; மைனா எடுத்துக்கொண்டது,
அதற்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை.

கம்பு, பழுப்பரிசி, இசப்கோல், சுடுதண்ணீர்.
முதல் ஐந்தும் உடைந்தன.
ஆறாவதில் அடுப்பைத் தணித்து, மூடிபோட்டு,
துணியில் சுற்றி வைத்தேன்.

தொழிற்சாலைப் பேருந்தில் அதை மடித்தேன்.
மடிந்தது.
உள்ளே கொண்டைக்கடலை, வெள்ளரி, கொஞ்சம் சம்பால்.
பக்கத்து இருக்கை ரொஹாயா
என்ன ரொட்டி என்று எட்டிப் பார்த்தாள்.
வண்டி திரும்பும்போது நடுவில்
மயிரிழையாய் ஒரு விரிசல்.
வேலையில் என்றால் ஒதுக்கியிருப்பேன்.
கண்டும் காணாமல்
தின்றேன்.