இரட்டைக் கோடு

லேப் மூடிய பிறகு கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன்.
கரண்ட் பில்லின் பின்பக்கம், நடுவில் ஒரு கோடு.
இந்தப் பக்கம் ஐதராபாத்:
பெரிய பெயர், சொந்தமாகவே சீக்வென்சிங் மெஷின்,
பாதிக் கட்டணத்துக்கு உதவித்தொகை.
அந்தப் பக்கம் மங்களூர்:
வகுப்புக்கு எட்டே பேர், முதல் மாதமே நோயாளிகள்,
உதவித்தொகை கிடையாது.
விடுதி ஜன்னலில் இன்னொரு கடல்
(அதற்கு மார்க் போடவில்லை).

பத்துக்குப் போட்டுக் கூட்டினேன்.
ஐதராபாத் ஜெயித்தது.
திரும்பக் கூட்டினேன்.
திரும்பவும்.

மரபணு ஆலோசகர்னா டாக்டரா, என்றாள் உம்மா.
இல்லை.
நர்ஸா?
இல்லை.
பின்னே வர்றவங்களுக்கு என்னதான் குடுப்பே?
உட்கார ஒரு சேர், என்றேன்.
இதுக்கு ரெண்டு வருஷமா என்று
பாறை மீனை அலசப் போய்விட்டாள்.

இரண்டு நேர்காணலிலும் ஒரே பரீட்சை.
குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு வரை.
ஆண் சதுரம், பெண் வட்டம்,
சொந்தத்துக்குள் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு.
கீழக்கரைக்காரியிடம் கேட்டால்
பேனாவில் மை தீர்ந்துபோகும்.
வாப்பாவும் உம்மாவும் இரட்டை.
அதற்கு மேலே இரண்டு இடத்தில் இரட்டை.
நிஹாரா ராத்தாவும் செய்னுதீன் மச்சானும் இரட்டை,
அவர்களுக்குக் கீழே ஒரு சதுரம்,
உள்ளே முழுக்கக் கறுப்பு அடித்தேன்.
ஆகில். ஆறு வயது.
மூன்று வாரத்துக்கு ஒருமுறை
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
யாரோ கொடுத்த ரத்தம் ஒரு பை.

அருமையான பெடிக்ரி, என்றார் ஐதராபாத்தில் ஒருவர்.
கெட்டவர் இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

மங்களூர் திரையில் ஒரு பெண்,
என்னைவிட நாலு வயது கூட இருக்கலாம்.
பேனாவைக் கொஞ்சம் கீழே வைக்கலாமா, என்றாள்.
வைத்தேன்.
யாரும் பேசவில்லை.
அவர்கள் அறையில் மின்விசிறி சுற்றுவது
இங்கே எனக்குக் கேட்டது.
அதற்குப் போட என் தாளில் கட்டமே இல்லை.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு.
என் மாடிக்கென்று வாப்பா வாங்கி அடுக்கிய செங்கல்
உப்புக்காற்றில் பூத்து உதிர்கிறது.
மங்களூர் கட்டணம் ஏறக்குறைய அந்த மாடி,
படிக்கட்டு நீங்கலாக.
மண்ணடிக் கடையிலிருந்து வாப்பா போன்:
படிப்பா வீடா என்று கேட்கவில்லை.
செங்கலுக்கு ஆள் பார்க்கட்டுமா என்றார்.

சொல்லாமல் விட்டது ஒன்று.
ராத்தாவுக்கு "நாலில் ஒன்று" என்று சொன்ன டாக்டர்
வராந்தாவில் நடந்துகொண்டே சொன்னார்.
ராத்தா விரலை மடக்கினாள்.
ஒன்று வந்தாச்சு, இனி மூணும் நல்லதாத்தான் வரும்.
வலை போடுகிறவனுக்குத் தெரியும்,
நேற்று என்ன கொடுத்தோம் என்று
கடல் எழுதிவைப்பதில்லை.
ஒவ்வொரு தடவையும் புதிதாக, நாலில் ஒன்று.
இப்போது அவளுக்கு மூன்றாம் மாதம்.
சொன்னேன்.
நானும் நடந்துகொண்டேதான் சொன்னேன்,
அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நடுவே,
கையில் தட்டோடு.
பதினோரு நாளாக என்னிடம் பேச்சில்லை.

இந்த மெஷினில் ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் ரத்தத்தை
ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.
என்னுடையதை ஓட்டவில்லை.
என் வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டபோது
ஐதராபாத் ஏன் என்று கேட்டது.
மங்களூர் கேட்கவில்லை.

பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி.
வியாழன் லுஹருக்குப் பிறகு
லேப் வாசலில் செருப்புச் சத்தம்.
ராத்தா, தனியாக.
ஆகிலைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருக்கிறாள்.
உள்ளே வராமல் நின்றபடி,
அந்த நாலில் ஒண்ணை
இன்னொரு தரம் சொல்லு, என்றாள்.

மேசையில் பத்துக் குழாய் ரத்தம் காத்திருந்தது.
கையுறையைக் கழற்றினேன்.
முதலில் சேரை இழுத்துப் போட்டேன்,
பிறகு எனக்கும் ஒன்று.
மின்விசிறி இரைச்சல் போட்டது.
எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்தேன்.